வெட்டாத கோட்டு

முடியாது என்று பாஸ்டர் சொல்லி முடிப்பதற்குள் என் தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். ஜெபிக்கிறவன் முழங்கால் போடுவது போல இல்லை. கால் மடங்கி, பொத்தென்று, அப்போதுதான் நான் துடைத்துவிட்டுப் போயிருந்த ஈரத்தில். நாற்பத்தாறு வயது ஆள். எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, எரிச்சல்தான். இப்போதுதானேடா துடைத்தேன் என்று வாய்வரை வந்துவிட்டது. நான் அப்படிப்பட்ட பிறவி, மறைத்து என்ன ஆகப்போகிறது?

"ஞானஸ்நானம் ஒரே தடவைதான் பிரதர்," என்றார் பாஸ்டர். "ரெண்டு வருஷம் முன்னாடி நான்தானே உங்களை இறக்கினேன்? அது செல்லும். இன்னொரு தடவை இறக்கினா, அன்னைக்குக் கடவுள் சும்மா பேச்சுக்குச் சொன்னார்னு ஆயிடும்."

"செல்லும்னா நான் ஏன் இப்படி இருக்கேன்?"

பாஸ்டர் தாடியைச் சொறிந்தார். எங்கள் இருவரையும்விட வயதில் சின்னவர். பொய் சொல்லத் தெரியாது, அதனால் பல நேரம் பதிலே சொல்லத் தெரியாது.

"விழுந்தா எழுந்து நடங்க. மறுபடி விழுந்தா மறுபடி எழுந்து நடங்க. அதுக்குத் தண்ணி வேண்டாம்."

"நடக்கறதுக்குக் காலே இல்லையே பாஸ்டர்," என்றான் தம்பி. சொல்லிவிட்டு அழுதான். நான் துடைப்பான் கட்டையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பன்னிரண்டு வருடமாக அந்தச் சபைக் கட்டடத்தைப் பெருக்கித் துடைப்பது என் வேலை. பதினொரு சாவிகள் என் இடுப்பில். பிரசங்க மேடைக்குப் பின்னால் பலகை மூடியைத் தூக்கினால் ஞானஸ்நானத் தொட்டி. நீல ஓடு பதித்தது, மூன்று படி. சமையலறைக் குழாயிலிருந்து ரப்பர் குழாய் இழுத்துத்தான் நிரப்ப வேண்டும், நான்கு மணி நேரம் ஆகும். கீழே மூன்றாவது வரிசை ஓட்டில் ஒரு விரிசல். சோப்புக் கட்டியை அழுத்தித் தேய்த்து அதை அடைத்துவிட்டுத்தான் குழாயைத் திறப்பேன். இதெல்லாம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாருக்கும் ஆசையும் இல்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால், மேல்படியில் நிறுத்தி, பாஸ்டர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "எதை விட்டுட்டு வர்றீங்க?" எல்லார் காதிலும் விழும்படி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒன்றே ஒன்று. குடி என்பார்கள், கோபம் என்பார்கள், பொய் என்பார்கள். அப்புறம், வரும்போது போட்டிருந்த துணியைத் திரும்பப் போடக் கூடாது. வெள்ளை அங்கியோடு ஏறி, புதுத் துணி உடுத்திக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். பழையது ஒரு மரப்பெட்டியில் விழும். அதை நான் வெட்டித் தரை துடைக்க வைத்துக்கொள்வேன்.

ஆக, அந்தக் கூடத்தை நான் ஊராருடைய பழைய வாழ்க்கையால்தான் துடைக்கிறேன். எந்தப் பழைய வாழ்க்கை எவ்வளவு ஈரம் உறிஞ்சும் என்று எனக்கு அத்துப்படி. பெருமையை விட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்ன ஒரு வங்கி அதிகாரியின் சட்டை இருக்கிறதே, பளபளப்பெல்லாம் உண்டு, ஒரு சொட்டுத் தண்ணீரை உறிஞ்சாது. வாய்க்கு வந்ததையெல்லாம் பேசுவதை விட்டுவிடுகிறேன் என்று சொன்ன சமையல்காரரின் பருத்திச் சட்டை ஆறு வருடம் உழைத்தது. அந்த மனுஷன் வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் தொட்டியில் இறங்கியதில்லை. இரண்டு பாஸ்டர்கள் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். ஞானஸ்நானத்துக்கான முன்னாயத்த வகுப்பு நடக்கும்போதெல்லாம் நான் பின்னால் பெஞ்சு துடைத்துக்கொண்டிருப்பேன், பாடம் முழுக்க எனக்குத் தலைகீழாகத் தெரியும். "அப்ப ஏன் அக்கா?" என்று இந்தப் பாஸ்டர் கேட்டார். "விட்டுட்டு வர எங்கிட்ட என்ன இருக்கு? குடிக்கறேனா, திருடறேனா? விட வேண்டியதெல்லாம் எங்க வீட்டுல வேற ஒருத்தன்கிட்ட இருக்கு. அவன் முதல்ல சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம்," என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்டதாக அன்று முழுக்க எனக்குத் திருப்தி.

அவன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். அம்மா போகும்போது அவனுக்குப் பதினொன்று, எனக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து அவனைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. நான் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அதுதான் காரணம் என்று சொல்லிக்கொள்வேன். கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள், எனக்கும் அது பிடித்திருந்தது. குடி எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் நான் கண்டுபிடித்த நாள் தெரியும். அன்றிலிருந்து வாசலில் வைத்து ஒரே வார்த்தை: "ஊது." அவன் என்னைவிட ஒரு முழம் உயரம். குனிந்து, என் மூக்குக்கு நேராக வாயைத் திறந்து, ஹா என்று ஊதுவான். இருபது வருடம். டிப்போவில்கூட அப்படிச் சோதிக்க மாட்டார்கள். நான் முகர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினால் உள்ளே வரலாம், இல்லாவிட்டால் அன்றைக்கு அந்தத் தெருவுக்கே எங்கள் வீட்டுச் செய்தி போகும்.

வேலை போனது. லைசென்சு போனது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவனாகவே சபைக்கு வந்து, வகுப்பில் உட்கார்ந்து, தொட்டியில் இறங்கினான். "குடியை விட்டுட்டு வர்றேன்," என்று மேல்படியில் நின்று சொன்னபோது குரல் உடைந்தது. நான் பின்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவன் போட்டுக்கொண்டு வந்தது டிப்போவில் கொடுத்த நீலக் கோட்டு. பித்தளைப் பொத்தான், உள்ளே பட்டுத் துணி. அது பெட்டியில் விழுந்தது.

அதை நான் வெட்டவில்லை. கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன், மனசு வரவில்லை. நல்ல துணி. நாளைக்கு மறுபடி வேலை கிடைத்தால் என்ன போடுவான் என்று நினைத்தேன். சுருட்டி எடுத்துவந்து என் அலமாரியில் போர்வைக்கு அடியில் வைத்தேன். பன்னிரண்டு வருடத்தில் நான் வெட்டாமல் வைத்த ஒரே துணி அது. ஏழாவது மாதம் அவன் அதைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு டிப்போப் பக்கம் பழைய கூட்டாளிகளைப் பார்க்கப் போனான். இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து வாசலில் விட்டார்கள். ஊதச் சொல்லவே தேவைப்படவில்லை.

என்னால்தான் என்று எனக்குத் தெரியும். அந்தக் கோட்டை அன்றைக்கே வெட்டியிருந்தால் அவன் தப்பித்திருப்பான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, பாஸ்டரிடம்கூட. வயிற்றுக்குள் கல் போலக் கிடந்தது.

போன மாதம் ஈரல் டாக்டரம்மா ஒரு காகிதத்தில் படம் வரைந்தார். பேனாவால் கறுப்பாக அடித்துக்கொண்டே வந்து, ஓரத்தில் கட்டைவிரல் அளவு வெள்ளையாக விட்டார். "இவ்வளவுதான் மிச்சம். இனிமே ஆரம்பிச்சார்னா நிறுத்தறதுக்கு நேரம் இருக்காது," என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்துத்தான் சொல்வார்கள். அவன் ஜன்னல் வழியாக வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம்தான் அவன் மறுபடி தண்ணீரைக் கேட்க ஆரம்பித்தான். இன்னொரு தடவை இறக்கினால் பிடித்துக்கொள்வேன் என்றான். சாகப்போகிறவன் கேட்கிற மாதிரி கேட்டான், சாகப்போகிறவன்தானே? பாஸ்டர் முடியாது என்றார். அது புதன்கிழமை.

அன்றைக்கு வீட்டு மாடிப்படி ஏறும்போது, "அக்கா, சாவி உங்கிட்டதானே இருக்கு?" என்றான்.

"வாயை மூடு," என்றேன். அப்போதே நான் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வியாழக்கிழமை பாஸ்டர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கப் போவார், சாயங்காலம்தான் வருவார். காலை எட்டு மணிக்கே நான் மூடியைத் தூக்கி, விரிசலுக்கு சோப்பு தேய்த்து, குழாயைத் திறந்துவிட்டேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. ஏழு வயதில் அம்மா டப்பாவிலிருந்து சர்க்கரை எடுத்தபோது அடித்துக்கொண்ட மாதிரியே. தண்ணீர் ஏறுகிற வேகம் எனக்குத் தெரியும், ஒரு வரிசை ஓட்டுக்கு இருபது நிமிஷம். அந்த நேரத்தில் கூடத்தைப் பெருக்கினேன், பெஞ்சுகளைத் துடைத்தேன், துடைத்த பெஞ்சுகளையே மறுபடி துடைத்தேன். தம்பி முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் கை நடுங்குவதை மறைப்பதற்குத்தான் கட்டிக்கொள்வான்.

பன்னிரண்டு மணிக்குத் தொட்டி நிரம்பியது. வெள்ளை அங்கி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவனுக்குக் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"யாருடா இறக்கறது?" என்றேன். அதுவரை அந்தக் கேள்வியை நான் யோசிக்கவே இல்லை. தண்ணீர் நிரப்புகிறவளுக்குத் தண்ணீர்தான் ஞாபகம் இருக்கும்.

"நீதான்."

"நான் யாருடா? தரை துடைக்கறவ."

"என்னைக் குளிப்பாட்டினவ நீதானே? இதையும் செய்."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டாவது படிக்கு இறங்கினேன். தண்ணீர் சுரீர் என்றது. அவன் மேல்படியில் நின்றான். கேள்வியை நான் கேட்க வேண்டும். "எதை விட்டுட்டு வர்றே?"

அவன் வாயைத் திறந்தான். அப்போதுதான் பக்கக் கதவு திறந்தது, பாஸ்டர் நின்றார்.

எனக்கு மூளை எங்கே போயிருந்ததோ! கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் பாஸ்டர் வீட்டுக்கும் அதே குழாய்தான் போகிறது. இங்கே தொட்டி நிரம்பினால் அங்கே சமையலறையில் நூல் மாதிரி வடியும். ஒவ்வொரு தடவையும் முதல் நாளே பாஸ்டர் வீட்டு அம்மாவிடம் வாளிகளை நிரப்பி வைத்துக்கொள்ளச் சொல்வேன். இந்தத் தடவை திருட்டு வேலை என்பதால் சொல்லவில்லை. அந்த அம்மா குழாய் வரவில்லை என்று கணவருக்குப் போன் போட்டிருக்கிறார்.

பாஸ்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன், எனக்கும் லேசாகியிருக்கும். அவர் வந்து முன்பெஞ்சில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி வாடை அடித்தது.

"முதல் தடவை ஒட்டலை பாஸ்டர்," என்றான் தம்பி. "அதான் கேக்கறேன். எனக்கு வேற வழி தெரியலை."

"அது நம்ம கையில ஒட்டற விஷயம் இல்லை பிரதர்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. தண்ணீரில் நின்றபடியே கொட்டிவிட்டேன்.

"ஒட்டாம போனதுக்கு இவன் காரணம் இல்லை. நான்தான். அந்தக் கோட்டை நான் வெட்டலை பாஸ்டர். நல்ல துணியாச்சேன்னு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். அதைப் போட்டுக்கிட்டுத்தான் இவன் மறுபடி குடிக்கப் போனான். இவன் பழசை விட்டான். நான்தான் விடலை. அதனால இன்னொரு தடவை இறக்குங்க. இந்தத் தடவை நானே கண்ணு முன்னாடி வெட்டறேன்."

ஒன்றரை வருடக் கல் வெளியே வந்துவிட்டது. பாஸ்டர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. தம்பி சிரித்தான். கேலி இல்லை, அலுத்துப்போன சிரிப்பு.

"அக்கா. அந்தக் கோட்டை நான் எடுத்தது ஏழாவது மாசம். நான் மறுபடி குடிச்சது மூணாவது வாரம்."

"என்னடா உளர்றே?"

"மூணாவது வாரம். செவ்வாய்க்கிழமை. கோட்டும் இல்லை, கூட்டாளியும் இல்லை. சும்மா மூலைக் கடைக்குப் போய் ஒரு பாட்டில் வாங்கினேன்."

"பொய். தினமும் ஊதச் சொன்னேனே! தினமும் ஊதினியே!"

"ஊதினேன்." அவன் என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தான். "உனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாதுக்கா. எப்பவுமே தெரியாது. நான் தள்ளாடினாத்தான் உனக்கு வாடையே அடிக்கும். எத்தனையோ நாள் குடிக்காம வந்து உங்கிட்ட அடி வாங்கியிருக்கேன். எத்தனையோ நாள் குடிச்சிட்டு வந்து, நீ தலையை ஆட்டி உள்ள விட்டிருக்கே. நீ நிம்மதியா தூங்குவே. சரி, தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

என் காலுக்குக் கீழே படி இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை. இருபது வருடம். மூக்கை நீட்டி நீட்டி, அவனைக் குனியவைத்து, உயிரையே கையில் பிடித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பிடித்து வைத்திருந்தது வெறும் காற்று. என் தப்பால்தான் விழுந்தான் என்பதுகூட உண்மை இல்லை. அந்தக் குற்றமாவது என்னுடையதாக இருந்தது, அதையும் அவன் பிடுங்கிக்கொண்டான். அவனுக்கு நான் நல்லதும் செய்யவில்லை, கெட்டதும் செய்யவில்லை. நான் இருந்தேன், அவ்வளவுதான்.

அவன் அங்கியைக் கழற்றினான். உள்ளே அவன் பழைய சட்டையோடுதான் நின்றிருந்தான். அங்கியை மடித்து, ஆமாம், மடித்து, படியில் வைத்தான்.

"நான் போறேன்," என்றான்.

"எங்க பிரதர்?" என்று எழுந்தார் பாஸ்டர்.

"தெரியலை."

கதவு சாத்திக்கொண்டது. வெளியே போனால் இடது பக்கம் வீடு, வலது பக்கம் நாற்பது எட்டு தூரத்தில் மூலைக் கடை. ஜன்னல்களெல்லாம் மங்கல் கண்ணாடி, ஒரு உருவம்கூடத் தெரியாது. நான் தண்ணீரிலிருந்து ஏறி, ஈரக்காலோடு, சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு பாதிக் கூடம் ஓடிவிட்டேன். எத்தனை தடவை அப்படி ஓடியிருக்கிறேன்! கடை வாசலில் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறேன். பாதிக் கூடத்தில் நின்றேன். போய் என்ன செய்யப்போகிறேன்? ஊதச் சொல்லப்போகிறேனா?

நம்பிக்கை வந்து நின்றேன் என்று யாராவது சாட்சி சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டேன். அப்படி ஒன்றும் இல்லை. கால் போகவில்லை. அவன் புதன்கிழமை அழுதானே, நடக்கக் காலே இல்லை என்று, அது என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நடுக் கூடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், என் ஈரத்திலேயே.

பாஸ்டர் தொட்டி ஓரத்துக்குப் போய், அடைப்பான் சங்கிலியைக் கையில் எடுத்தார்.

"தண்ணியைத் திறந்து விட்டுடட்டுமா அக்கா?"

நான்கு மணி நேரத் தண்ணீர். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் தோன்றியது, பாருங்கள். அதற்கப்புறம் என்ன தோன்றியது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. வீட்டுக்குப் போக முடியாது. அவன் பின்னால் போக முடியாது. எனக்கு அங்கே செய்ய வேலை ஒன்றும் மிச்சம் இல்லை. இருந்த ஒரே இடம் அந்தத் தொட்டிதான்.

"இருக்கட்டும்," என்றேன். "நான் இறங்கறேன்."

பாஸ்டர் என்னைப் பார்த்தார். "இப்பவா? ஞாயிற்றுக்கிழமை சபை முன்னாடி செய்யலாமே. கோபத்துல வேண்டாம் அக்கா."

"கோபம் இருந்தா நல்லாயிருக்குமே! அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள எனக்கு மறுபடி திமிரு வந்துடும் பாஸ்டர். இப்பவே."

அவர் வீட்டு அம்மாவைக் கூப்பிட்டார், சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்று. அந்த அம்மா மாவுக் கையோடு ஓடிவந்தார். அங்கி மாற்றிக்கொண்டேன், தம்பி மடித்து வைத்த அதே அங்கி. எனக்கு அது தரையில் புரண்டது. மேல்படியில் நின்றேன். எத்தனையோ பேர் நிற்பதைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன், அங்கிருந்து தண்ணீர் இவ்வளவு ஆழமாகத் தெரியும் என்று யாரும் சொன்னதில்லை.

பாஸ்டர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையை நீட்டினார்.

"எதை விட்டுட்டு வர்றீங்க அக்கா?"

நான் கோபம் என்று சொல்லலாம் என்றிருந்தேன். அகம்பாவம் என்று சொன்னால் இன்னும் பொருத்தம், வகுப்பில் அதற்குப் பாதி நாள் பாடம் நடக்கும். வாயைத் திறந்தேன்.

"என் தம்பியை," என்றேன்.

சொன்னபிறகுதான் என் காதில் விழுந்தது. அம்மா போன நாளிலிருந்து என் கையில் இருந்தவனை, ஈரலில் கட்டைவிரல் அளவு மிச்சம் இருப்பவனை, எந்தப் பக்கம் திரும்பினான் என்றுகூடத் தெரியாதவனை. பாவி, நான் என்ன சொல்லிவிட்டேன்! திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று பாஸ்டர் முகத்தைப் பார்த்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். கையைப் பின்வாங்கவில்லை. நான் இறங்கினேன். தண்ணீர் காதை அடைத்தது, ஒரு சத்தமும் இல்லை, அப்புறம் தூக்கிவிட்டார்.

மேலே வந்ததும் ஒளி வரும், லேசாக இருக்கும் என்றெல்லாம் சாட்சி சொல்வார்கள். எனக்குக் குளிர்தான் அடித்தது. பல்லோடு பல் இடித்தது. பயம் அப்படியே இருந்தது, ஒரு குண்டுமணிகூடக் குறையவில்லை. ஒன்று மட்டும் மாறியிருந்தது: அதை வைத்துக்கொண்டு செய்ய எனக்கு வேலை எதுவும் இல்லை. ஓட வேண்டியதில்லை, முகர வேண்டியதில்லை. வெறும் பயம்.

வந்தபோது போட்டிருந்த துணியைப் பெட்டியில் போட்டேன். அதை வெட்டப்போகிறவளும் நான்தான், அதால் துடைக்கப்போகிறவளும் நான்தான். அதை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. பாஸ்டர் வீட்டு அம்மா தன்னுடைய உடுப்பைக் கொடுத்தார். பொத்தான் போட எட்டவில்லை, ஊக்குக் குத்திக்கொண்டேன். வெளியே வந்து இடது பக்கம் திரும்பினேன். வலது பக்கம் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். ஒரு தடவை பார்த்தேன். கடை வாசலில் யாரோ நின்றார்கள். அவன் உயரம்தான். நான் நடந்துகொண்டே இருந்தேன்.

வீட்டில் அவன் இல்லை. அலமாரியைத் திறந்து, அன்றைக்கு அவன் மேலிருந்து கழற்றி மறுபடி அங்கேயே வைத்திருந்த அந்த நீலக் கோட்டை எடுத்து, மேஜைமேல் விரித்து, கத்தரிக்கோலால் வெட்டினேன். ஞானஸ்நானம் ஒட்டாமல் போனது இதனால் இல்லை என்று இப்போது தெரியும். ஆனாலும் வெட்டினேன், வெட்டாமல் விட்டது என் பாக்கி. பட்டுத் துணி நழுவிக்கொண்டே போனது. பதினேழு துண்டு. ஒன்றை நனைத்துப் பார்த்தேன், நன்றாகவே உறிஞ்சியது.

மணி மூன்றானது, நாலானது. ஜன்னலுக்கு இரண்டு தடவை போனேன். இரண்டாவது தடவை திரையை இழுத்து மூடிவிட்டு வந்தேன். ஜெபம் செய்யலாம் என்று கண்ணை மூடினேன். "நீயே பார்த்துக்கோ" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அதையும் கோபமாகத்தான் சொன்னேன். சாதத்தை வடித்தேன். இரண்டு தட்டு எடுத்து வைத்தேன், ஒன்றை உள்ளே வைத்தேன், மறுபடி எடுத்து வைத்தேன்.

எங்கள் மாடிப்படியில் ஐந்தாவது படி ஆடும். அவன் தெளிவாக இருந்தால் அதைத் தாண்டிக் கால் வைப்பான், இல்லாவிட்டால் அது கிறீச்சென்று காட்டிக் கொடுத்துவிடும். மூக்கு ஏமாற்றினாலும் அந்தப் படி ஏமாற்றாது, இனி அதைக் கேட்டே பிடித்துவிடலாம் என்று உட்கார்ந்த இடத்தில் கணக்குப் போட்டிருக்கிறேன். நானேதான், தலை ஈரம் காய்வதற்குள். அது புரிந்ததும் எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். தண்ணீர் பாத்திரத்தில் விழுகிற சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. அப்படியே நின்றேன். தண்ணீர் வீணாகிறதே என்று வயிறு எரிந்தது, ஆனாலும் மூடவில்லை.

ஆறு மணி இருக்கும். கதவு தட்டுகிற சத்தம் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

குழாயை மூடினேன். கதவைத் திறந்தேன். அவன்தான். சட்டை கசங்கியிருந்தது, கண் சிவந்திருந்தது. அழுதாலும் கண் சிவக்கும். வெயிலில் நடந்தாலும் சிவக்கும். கையைக் கட்டிக்கொண்டிருந்தான். என்னுடைய ஈரத் தலையையும் ஊக்குக் குத்திய உடுப்பையும் பார்த்தான். இருபது வருடப் பழக்கம், கால் ஒன்றை முன்னால் வைத்து, முதுகை வளைத்து, முகத்தை என் மூக்குக்கு நேராகக் கொண்டுவந்து, மூச்சை உள்ளே இழுத்து வாயைத் திறந்தான்.

என் கை போய் அவன் வாயைப் பொத்தியது.

"வேண்டாம்," என்றேன். "உள்ள வா. கையைக் கழுவு. சாப்பாடு ஆறுது."

இழுத்த மூச்சை என்ன செய்வது என்று தெரியாமல் அவன் குனிந்தபடியே நின்றான். என் உள்ளங்கையில் அவன் உதடு நடுங்கியது. கண்ணால் என்னைக் கேட்டான், நான் கையை எடுத்தேன். மெல்ல நிமிர்ந்தான். நான் ஒதுங்கி வழி விட்டேன். அவன் என்னைக் கடந்து உள்ளே போகிற வரைக்கும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.